"ஒரு மாதிரியா இருக்கு": உடம்பில் தோன்றும் புரியாத உணர்வுகளைப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். ஆல்பேட்டை தாண்டி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். சில வருடங்களுக்கு முன்னால் வலது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் உணர்வு ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை போடச் சொன்னார். அடுத்தவர் நரம்புத் தளர்ச்சி என்று ஐந்து சத்து ஊசி எழுதினார். அம்மாவுக்கு அது திருஷ்டி. மாமா வாயு என்றார். எட்டு மாதம் இப்படியே போனது.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் நின்று உள்ளே போனபோது, ஒரு இளம் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த விரல்?"

எட்டு மாதமாக நான் "கை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும்தான். மற்ற மூன்று விரலுக்கும் ஒன்றுமில்லை. அவர் என் முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் அழுத்தினார். சுண்டு விரல் வரை கரண்ட் அடித்தது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காருவது, தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கடியில் வைப்பது, பைக் பிடியை இறுக்கிப் பிடிப்பது என்று மூன்று கெட்ட பழக்கம். அவற்றை விட்டதும் ஆறேழு வாரத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். "ஒரு மாதிரியா இருக்கு" என்ற வார்த்தையை எடுத்துப்போனால் அதே அளவு மங்கலான பதில்தான் திரும்பிவரும். அந்த "ஒரு மாதிரி"யைப் பிரித்து என்ன மாதிரி, எங்கே, எப்போது என்று ஆக்குவது நம் வேலை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் படி: காத்திருக்கலாமா, கூடாதா?

எதை ஆராய்வதற்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கையோ காலோ திடீரென்று மரத்தோ தளர்ந்தோ போகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். சரியாகிவிட்டதே என்று வீட்டில் தங்குவதுதான் பெரிய தப்பு. அது வரப்போகும் பெரிய அடைப்புக்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அழுத்தம், குப்பென்று வேர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தாலும் 108தான். நம் பக்கத்தில் இதற்கு முதல் சிகிச்சை கோலி சோடா. "வாயு, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்று சொல்லி இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமில்லாத அசதி என்று மாரடைப்பு வரலாம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாயு என்று சொல்லட்டும்.

இன்னும் சில. உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்து, சிறுநீர் போவதே தெரியவில்லை. காய்ச்சலோ பேதியோ வந்த சில நாட்களில் பாதத்தில் தொடங்கிய மரமரப்பு மேலே ஏறி, எழுந்து நிற்கவே முடியவில்லை. கண்ணில் திடீரென்று நிறைய கரும்புள்ளிகளும் மின்னல் வெட்டும், ஓரத்தில் திரை இறங்கியது போல இருட்டும். ஒரே காதில் சட்டென்று கேட்காமல் போவது. நொடியில் இடி விழுந்த மாதிரி உச்சத்துக்குப் போகும் தலைவலி. இவை எதையும் எழுதி வைத்து ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே போங்கள். கண்ணுக்கு என்றால் தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர்ச் சாலையிலேயே இருக்கிறது.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: உணர்வுக்குச் சரியான பெயர் வையுங்கள்

தமிழில் வலிக்கு இருக்கிற சொற்களை எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு, பிசைதல், விண்விண், சுருக், சுரீர். வலியல்லாத உணர்வுகளுக்கும் அப்படித்தான்: மரமரப்பு, மதமதப்பு, நமநம, குறுகுறுப்பு, ஊறல், படபடப்பு, கிறுகிறுப்பு. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. எரிச்சலும் சுரீரும் மரமரப்பும் பெரும்பாலும் நரம்பின் மொழி. உளைச்சலும் கடுப்பும் தசைக்கும் மூட்டுக்கும் உரியவை. பிசைவது குடல். விண்விண் என்பது நாடித்துடிப்போடு சேர்ந்து தெறிப்பது. ரத்தக் குழாயையோ சீழ் கோத்த கட்டியையோ காட்டலாம். நம் பாட்டிகள் வைத்திருந்த சொல்வளம் ஒரு நரம்பியல் நிபுணருக்குக் கிட்டத்தட்டப் போதும்.

ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசருக்குச் சூலை வந்து தீர்ந்ததாகச் சொல்லும் திருவதிகை, பண்ருட்டியை ஒட்டி, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் குடலோடு சேர்த்து முடக்குகிற வலி என்று அவர் இறைவனிடம் முறையிட்டார். இடம், தன்மை, தாங்க முடியாத அளவு, எல்லாம் அதில் வந்துவிட்டது. நோயைச் சொல்லத் தெரிந்தவர்.

பெயர் வைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. "வாயு", "பித்தம்", "சூடு", "நரம்புத் தளர்ச்சி" எல்லாம் உணர்வின் பெயர் அல்ல, காரணம் பற்றிய ஊகம். "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "படுக்கையில் திரும்பினா ரூம் சுத்துது" என்று சொன்னால் பாதி தெரிந்துவிடும். தலைசுற்றல் என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது: அறை சுற்றுவது, கண் இருட்டி விழப்போவது, நடையில் தள்ளாடுவது. முதலாவது பெரும்பாலும் காதின் உள்பகுதி. இரண்டாவது ரத்த அழுத்தம் அல்லது இதயம். மூன்றாவது நரம்பு, மூளை. எது என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

மூன்றாம் படி: இடத்தை விரலால் காட்டுங்கள்

உடம்பின் படம் ஒன்றைப் பேனாவால் கிறுக்குங்கள். குச்சி மனிதன் போதும். உணர்வு இருக்கும் இடத்தை மட்டும் நிரப்புங்கள். ஏனென்றால் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது, ஊருக்கு ஊர் இருக்கிற மாதிரி.

சுண்டு விரலும் பாதி மோதிர விரலும் என்றால் முழங்கை வழியாக வரும் நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரலின் மற்ற பாதி என்றால் மணிக்கட்டில் நெருக்கம். இது இரவில் எழுப்பிவிடும். கையை உதறினால் குறையும். தையல் வேலை செய்பவர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைந்தவர்களிடம் அதிகம். தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு எரிச்சல் அல்லது மரமரப்பு என்றால் பெல்ட் இறுக்கமா என்று பாருங்கள். இடுப்பு ஓரமாக இறங்கும் நரம்பு நசுங்குகிறது.

இரண்டு பாதமும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பித்துச் சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறதா? அது ஒரு நரம்பின் வேலை அல்ல. ரத்தத்தில் ஏதோ கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. முதல் சந்தேகம் சர்க்கரை. "செருப்பு கழன்று விழுந்ததே தெரியல, கொஞ்ச தூரம் நடந்தப்புறம்தான் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் அதைச் சிரித்து விட்டுவிடாதீர்கள். அடுத்த சந்தேகம் பி12. இது பால், முட்டை, மீன், இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். எங்கள் மாவட்டத்தில் வடலூர் வள்ளலார் வழியைப் பின்பற்றும் சுத்த சைவக் குடும்பங்கள் நிறைய உண்டு. பாலும் குறைவாகச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறதா என்று அவர்களைக் கேளுங்கள். கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: பரிசோதனைக்கு முன்னால் சத்து ஊசி போட்டுவிட்டால் ரத்தத்தில் பி12 அளவு தவறாக உயர்ந்து தெரியும். முதலில் ரத்தம் கொடுங்கள்.

முதுகிலோ விலாவிலோ நெற்றியிலோ ஒரு பக்கம் மட்டும், பட்டை போட்ட மாதிரி எரிச்சல். தொட்டால் சட்டைத் துணி கூடப் பொறுக்கவில்லை. தோலில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாளில் அங்கே கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப வருவது. அக்கி எழுதக் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் வரைந்துகொள்வது நம் ஊர் வழக்கம். அதைச் செய்தாலும் சரி, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவது முக்கியம். வயதானவர்களுக்குப் புண் ஆறின பின்னாலும் மாதக்கணக்கில் நீடிக்கும் எரிச்சல் அக்கியின் உண்மையான கொடுமை. கண்ணுக்கு அருகே வந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை. அரிப்பதில்லை, வலிப்பதில்லை, தேமல் என்று களிம்பு போட்டும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தொடுவது தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஆறு அல்லது பன்னிரண்டு மாத மாத்திரையில் முழுதாகக் குணமாகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மருந்து இலவசம். வெட்கத்தில் மறைப்பதால்தான் விரல் மடங்கிப் போகிறது.

நான்காம் படி: எப்போது, எவ்வளவு நேரம்?

நொடிக்கணக்கா, நிமிடமா, மணிக்கணக்கா என்று கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள். "ரொம்ப நேரம்" என்பது அளவு அல்ல.

தலையைத் திருப்பினால் அறை சுற்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைச் சில கோணங்களில் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் பயிற்சியை டாக்டர் சில நிமிடத்தில் செய்துவிடுவார். இதற்காக மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுந்து நின்றவுடன் கண் இருட்டினால் படுத்தபடி ஒரு தடவையும், நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்ததும் காரணமாக இருக்கலாம், பிரஷர் மாத்திரையும் இருக்கலாம்.

தூக்கத்தைச் சுற்றி வருபவை தனி உலகம். கண் அயரும்போது பள்ளத்தில் விழுவது போலத் தூக்கிவாரிப் போடுவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது. ஒன்றும் செய்ய வேண்டாம். மாலையிலும் ராத்திரியும் கால் குடைந்து, ஆட்டினால் அல்லது நடந்தால் மட்டும் நிம்மதி என்றால் இரும்புச் சத்தைப் பாருங்கள். பிறகு அமுக்குவான் பேய். விழிப்பு வந்துவிட்டது, கண் திறந்திருக்கிறது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கத்தினால் குரல் வரவில்லை. கனவு காணும் தூக்கத்தில், நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடம்பைக் கட்டிப் போடுகிறது. கட்டு அவிழும் முன்னால் விழிப்பு வந்துவிட்டால் இதுதான் நடக்கும். நெய்வேலியிலும் சிப்காட்டிலும் ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவர்களும் மல்லாந்து படுக்கிறவர்களும் இதை நன்றாக அறிவார்கள். ஓரிரு நிமிடத்தில் தானாக விலகும். ஒருக்களித்துப் படுத்து, தூக்க நேரத்தை ஒழுங்காக்கினால் குறையும். தாயத்துக்கு முன்னால் அதை முயன்று பாருங்கள்.

கண்ணிமை துடிப்பது பற்றி ஒரு வரி: ஆணுக்கு வலது நல்லது, பெண்ணுக்கு இடது நல்லது என்பதெல்லாம் இருக்கட்டும், தூக்கமின்மையும் அதிகப்படி காபி, டீயும்தான் வழக்கமான காரணம். சில வாரத்துக்கு மேல் போனாலோ, முகத்தின் மற்ற தசைகளுக்கும் பரவினாலோ மட்டும் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: அன்றைக்கு என்ன சாப்பிட்டோம், எதைத் தொட்டோம்?

கடற்கரை ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சூரையோ காணாங்கெளுத்தியோ மத்தியோ சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு அரிக்கிறதா? மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் உருவாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சு முட்டினால் மட்டும் ஓடுங்கள். அடுத்த தடவை ஐஸில் வைத்த மீனைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வயலில் சைபர்மெத்ரின் வகை பூச்சி மருந்து அடித்த அன்று முகமும் கையும் சுறுசுறுவென்று எரிந்து மறுநாள் போய்விட்டால், அது தோல் நரம்பை மருந்து சீண்டியது. எச்சில் வடிந்து, வேர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கினால் அது வேறு. உடனே ஆஸ்பத்திரி, மருந்து டப்பாவோடு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களுக்கு விரல் நுனி எரிவதும் தோல் உரிவதும் கொட்டையின் எண்ணெயால்.

மாத்திரைகளையும் மறக்காதீர்கள். வறட்டு இருமலோடு தொண்டைக் குறுகுறுப்பு: எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை. வாயில் உலோகச் சுவை: மெட்ரோநிடசோல் என்ற கிருமிக்கொல்லி. கை நடுக்கமும் படபடப்பும்: ஆஸ்துமா பம்ப். மனநல மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைக்குள் கரண்ட் அடிப்பது போல இருக்கும். காரணம் தெரிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, கேட்டு மாற்றுங்கள்.

ஆறாம் படி: இரண்டு வாரம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

பால் கணக்கு எழுதும் நோட்டு போதும். என்னுடையதில் ஒரு வரி இப்படி: "செவ்வாய், காலை 9.10, முருங்கப்பாக்கம் சிக்னல், வலது சுண்டு விரல், மரமரப்பு, 5 நிமிடம், கையை நீட்டியதும் குறைந்தது." பத்து வரி சேர்ந்தால் அதிலேயே ஓர் ஒழுங்கு தெரியும். மாதக்கணக்கில் எழுதினால் எழுதுவதே நோயாகிவிடும். கூகுளில் தேடுவதையும் இந்த இரண்டு வாரம் நிறுத்துங்கள். கண்ணிமைத் துடிப்பில் ஆரம்பித்து நள்ளிரவு ஒரு மணிக்குப் பெயர் வாயில் நுழையாத நோயில் போய் நிற்பீர்கள்.

ஏழாம் படி: டாக்டர் முன்னால் அந்த மூன்று நிமிடம்

நேராக நரம்பு நிபுணரிடம் போக வேண்டாம். முதலில் பொது மருத்துவர். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ, புதுச்சேரி அரசு பொது மருத்துவமனையோ, ஜிப்மரோ, எங்கே போனாலும் கூட்டம் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "சார், பத்து வருஷமாவே எனக்கு உடம்பு சரியில்ல" என்று ஆரம்பித்தால் அதிலேயே தீர்ந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ரெண்டு மாசமா ரெண்டு பாதத்துலயும் எரிச்சல் சார். ராத்திரிதான் அதிகம். சர்க்கரைக்கு எட்டு வருஷமா மாத்திரை. பலவீனம் இல்ல, நடக்க முடியுது." மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அட்டையே பேசும்.

பெரும்பாலான குழப்பங்களுக்கு ஆரம்பப் பரிசோதனை எளியதுதான்: ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, பி12, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள், படபடப்பு இருந்தால் ஈ.சி.ஜி. போஸ்டர் ஒட்டி விற்கும் "முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்" எனக்குப் பிடிக்காது. அறுபது சோதனை செய்தால் ஒன்றிரண்டு எல்லைக்கு வெளியே வரத்தான் செய்யும். பிறகு அதன் பின்னால் ஓடுவோம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், "இதுல எதைத் தேடறீங்க சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கழுத்துப் படம் எடுத்தால் தேய்மானம் தெரியாதவர்கள் குறைவு. தெரிவதெல்லாம் காரணம் அல்ல.

எட்டாம் படி: "எல்லாம் நார்மல்" என்று வந்தால்

இங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள். வீட்டில் "சும்மா நடிக்கிறா" என்பார்கள். அது தவறு. உணர்வு நிஜம். பரிசோதனை தேடுவது உறுப்பில் இருக்கும் சேதத்தை. கோளாறு உணர்வைக் கையாளும் விதத்தில் இருந்தால் படத்தில் வராது.

ஒரு சின்ன சோதனை. இப்போது உங்கள் நாக்கு வாய்க்குள் எந்தப் பல்லைத் தொடுகிறது என்று கவனியுங்கள். ஒரு நொடி முன்னால் அந்த உணர்வே இல்லை. இப்போது விட முடியவில்லை. நாக்கு மாறவில்லை, கவனம் மாறியது. உடம்பிலிருந்து ஓயாமல் வரும் சேதிகளில் பெரும்பகுதியை மூளை வடிகட்டி வீசிவிடுகிறது. பயம் வந்தால் வடிகட்டியின் கண் பெரிதாகிவிடும். தெருவில் ஒருவர் மாரடைப்பில் போனால் அந்த வாரம் தெருவே நெஞ்சைப் பிடித்துப் பார்ப்பது இதனால்தான்.

பயம் மூச்சையும் வேகமாக்கும். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்தும், விரல் விறைக்கும், தலை லேசாகும். அதைப் பார்த்துப் பயம் கூடும். பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். செய்ய வேண்டியது, மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்குவது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் இதயமாக இருந்தால் ஆபத்து. முதல் தடவை இப்படி வந்தால், வீட்டில் பீதி என்று முடிவு செய்யாமல் ஈ.சி.ஜி. எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மனம் கனத்து, தூக்கம் கெட்டு, எல்லாம் சேர்ந்து வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்; இலவசம், இரவிலும் எடுப்பார்கள். மனநல டாக்டரிடம் போவதால் உடம்பு வியாதி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நீண்டநாள் சர்க்கரைக்காரருக்குப் பாத எரிச்சலும் உண்டு, அதைப் பற்றிய பயமும் உண்டு.

நார்மல் என்று வந்த பிறகும் திரும்பப் போக வேண்டிய நேரங்கள்: பலவீனம் சேர்ந்தால், பரவினால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைந்தால், மயக்கம் வந்தால். மாறாமல் அப்படியே இருந்தால் மூன்று மாதம் கழித்து அதே டாக்டரிடமே போங்கள். புது டாக்டரிடம் போனால் கதை மறுபடி "ஒரு மாதிரியா இருக்கு"விலிருந்து ஆரம்பிக்கும்.

என் சுண்டு விரல் இன்னும் மார்கழிப் பனியில் பைக் ஓட்டினால் லேசாக மரக்கிறது. அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, கையை நீட்டி உதறிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.